வாசலை விட்டு இரண்டு முழம் தள்ளி

“…அதெல்லாம் இருக்கட்டும். சுவரு விழுந்துரும்னு நீரு சொல்லுதீரு, நானும் நம்புதேன்னே வச்சுக்கிடுவோம். இப்போ இறங்கிட்டேன்னா, திரும்ப ஏற விடுவாங்கன்னு எனக்கு யாரு சொல்லுவா?”

மாடி ஜன்னலில் இருந்து ஆஷா அம்மா இதைக் கேட்டபோது நான் கீழே சந்தில், கணுக்கால் அளவு மழைத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். சாரம் கட்டப் போன இடங்களில் யார் யாரோ என்னிடம் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். எத்தனை அடி, எத்தனை நாள், எத்தனை ஆள் என்று கேட்பார்கள். இப்படி ஒரு கேள்வியை அதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை.

தம்பிகளா, இந்த வருஷமும் நம்ம தென்காசிப் பக்கம் இருந்து சாரம் கட்ட ஒரு கூட்டம் வெளிநாடு போகிறது, போகிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க அண்ணாச்சி என்று சங்கத்தில் கேட்டார்கள். முடிச்சுப் போடுவதையும் குழாய் பூட்டுவதையும் எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. அது கைக்குத் தெரிந்த சங்கதி, காகிதத்துக்கு வராது. நான் படித்தது எட்டாம் வகுப்பு. ஐந்தருவியில் சீசன் கடைகளுக்குக் கம்பு கட்டித் தொழிலுக்குள் வந்தவன். பிறகு கோயில் கோபுரம், பிறகு வளைகுடா. கடைசியாகப் போன ஊரில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதில் ரெண்டு தப்பு என்னுடையது.

ஊர் பேர் சான்சிபார். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு எதிரே இருக்கிற தீவு. அதன் பழைய நகரத்தைக் கல் நகரம் என்பார்கள். பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்பு வைத்துக் கட்டின வீடுகள். சந்து எவ்வளவு குறுகல் என்றால், இந்த வீட்டு ஜன்னலில் இருந்து எதிர்வீட்டு ஜன்னலுக்கு உப்புக் கிண்ணம் கைமாற்றலாம். அங்கே ஒரு பழைய மாளிகையைப் புதுப்பிக்கிற வேலை. சாரம் கட்டவும், தளர்ந்த சுவருக்கு முட்டுக் கொடுக்கவும் எங்கள் ஐந்து பேரைக் கூட்டிப் போனார்கள். தலைமை நான். எனக்கு அடுத்த ஆள் வடகரை மைதீன்.

முதல் வாரம் முழுக்கத் தொலைந்து போனோம். எல்லாச் சந்தும் ஒரே மாதிரி. அங்கே வீட்டுக்கு வீடு கதவில் மரச் செதுக்கு வேலை பிரமாதமாக இருக்கும். மைதீன் அதை அடையாளம் வைத்துக்கொண்டான். மீன் செதுக்கின கதவு வந்தால் இடது கைப்பக்கம், சங்கிலி செதுக்கின கதவு வந்தால் நேரே. ஒரு சாயங்காலம் மீன்கதவுக்காரர் கதவை உள்பக்கமாக விரியத் திறந்து போட்டுவிட்டார். மீனைக் காணோம். நம்ம ஆள் அரைமணி நேரம் அதே இடத்தைச் சுற்றிவிட்டு வந்து, “அண்ணாச்சி, வீடு இருக்கு, தெரு இருக்கு, மீனு ஓடிப்போச்சு” என்றான்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. இலஞ்சித் தோப்பைப் பெயர்த்துக் கடலுக்கு நடுவில் வைத்த மாதிரி எங்கே பார்த்தாலும் தென்னை. தேங்காய்ப் பாலில் சோறு, தேங்காய்ப் பாலில் மீன். மொழியை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் ஜுமா என்ற காப்பிக்காரர். பித்தளைக் கெண்டியும் சின்னக் கிண்ணங்களுமாகச் சாயங்காலம் சந்துக்குள் வருவார். மூன்று மாதத்துக்குள் சந்தைக்குப் போய் வரவும், கோபப்படவும், மன்னிப்புக் கேட்கவும் போதுமான சுவாஹிலி வந்துவிட்டது. மூன்றும் தேவைப்பட்டன.

பழமொழி என்றால் நான் உயிரை விடுவேன், அது உங்களுக்குத் தெரியும். அந்த ஊரில் பெண்கள் உடுத்துகிற துணியின் கரையிலேயே ஒரு பழமொழி அச்சடித்து இருக்கிறது. தெருவில் போகிற ஒவ்வொரு அம்மாவும் ஒரு வாசகத்தைச் சுமந்துகொண்டு போகிறார். நான் ஜுமாவை நச்சரித்து ஒவ்வொன்றாக அர்த்தம் கேட்பேன். சும்மா அழகுக்கு என்று நினைக்காதீர் என்றார் அவர். அக்கம்பக்கத்தில் மனஸ்தாபம் என்றால் வாயைத் திறக்க மாட்டார்களாம். அதற்குத் தோதான வாசகம் போட்ட துணியாகப் பார்த்து வாங்கி, எதிரி கண்ணில் படுகிற மாதிரி கொடியில் காயப் போடுவார்களாம்.

இப்போது என் முதல் தப்பு.

மூன்றாம் மாதம் சாரம் உச்சிக்கு ஏறியது. நன்றாக அமைந்த வேலை. நம்ம ஆட்களுக்கு அப்படி ஒன்று அமைந்தால் உடனே என்ன தோன்றும்? கண்பட்டுவிடக் கூடாது என்று தோன்றும். கூட இருந்த கீழப்பாவூர் மாரியப்பன் பழைய காற்சட்டைக்குள்ளும் சட்டைக்குள்ளும் தேங்காய் நாரைத் திணித்து, சட்டியைத் தலையாகக் கவிழ்த்து, பெரிய மீசையும் தொங்குகிற நாக்கும் வரைந்து ஒரு திருஷ்டி பொம்மை செய்தான். மூன்றாம் தட்டில் கட்டித் தொங்கவிட்டோம். நம்ம ஊரில் கட்டட வேலை என்றால் பொம்மை இல்லாமல் உண்டா? ஒருத்தனுக்கும் யோசனை வரவில்லை. எனக்கும் வரவில்லை. பொம்மை சந்தைப் பார்த்துத் தொங்கியது. சந்து என்பதே நாலு முழம்தான். ஆகவே அது நேராக எதிர்வீட்டு ஜன்னலுக்குள் பார்த்தது.

அந்த வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவர்தான் ஆஷா அம்மா. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவர். ரெண்டு பெண் பிள்ளைகள். புருஷன் மஸ்கட்டில் டிரைவர். அதைக் கேட்டதும் மைதீன், எங்க தெருவுல பாதி வீடு இப்படித்தானே இருக்குது என்றான்.

பொம்மை கட்டின மறுநாள் முதல் சந்தில் சத்தம் குறைந்தது. பிள்ளைகள் எங்கள் சாரத்துக்கு அடியில் வராமல் சுற்றிப் போனார்கள். ஜுமா மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் அவரைத் தேடிப் பிடித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. யாரோ ஆஷா அம்மா குடும்பத்துக்குச் செய்வினை வைத்திருக்கிறார்கள், தூக்கில் தொங்குகிற மனுஷன் உருவம் அது என்று சந்தே பேசிக்கொண்டிருந்தது.

ராத்திரியோடு ராத்திரியாகச் சத்தமில்லாமல் கழற்றிவிடலாம் என்றான் மாரியப்பன். நான் ஒப்பவில்லை. தப்பைப் பகலில் செய்தோம், பகலில்தான் எடுக்க வேண்டும். எல்லாரும் பார்க்க நானே ஏறிக் கழற்றினேன். அதுவரை சரி. அதற்குப் பிறகு ஆஷா அம்மா வீட்டுக் கதவைத் தட்டி, மன்னிப்புக் கேட்பதோடு நிறுத்தாமல், விளக்கமும் சொன்னேன். இது செய்வினை இல்லம்மா, எங்க ஊர் வழக்கம், பார்க்கிறவங்க கெட்ட கண்ணு கட்டடத்து மேல படாம இருக்க வைக்கிறது என்று.

அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். “அப்போ இத்தனை நாளும் எங்க கண்ணு கெட்ட கண்ணுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் எங்களுக்கு வணக்கம் சொன்னீரோ” என்றார். கதவு மூடியது.

அவர் பேசியது சுவாஹிலிதான். என் காதில் அது நம்ம ஊர்ப் பேச்சாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

மறுநாள் எதிர்க் கொடியில் புதுத் துணி ஒன்று காய்ந்தது. மஞ்சளில் கறுப்புக் கரை. ஜுமாவைக் கூட்டி வந்து வாசிக்கச் சொன்னேன். வாசிக்கக் கூச்சப்பட்டார், பிறகு சொன்னார்: பொறாமைக்காரனுக்குக் காரணம் வேண்டாம். அந்தத் துணி வாரம் தவறாமல் துவைக்கப்பட்டது. பிள்ளைகளா, வெளியூரில் மன்னிப்புக் கேட்கப் போனால் மன்னிப்பை மட்டும் கேளுங்கள். நம்ம பக்கத்து நியாயத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

பங்குனி கடைசியில் அங்கே பெருமழை பிடிக்கும். குற்றாலத்துச் சாரல் மாதிரி முகத்தில் தடவிப் போகிற மழை இல்லை அது. கொட்டும், விடாமல் கொட்டும். பவளக்கல்லும் சுண்ணாம்பும் தண்ணீர் குடித்தால் வயிறு தள்ளும். குற்றாலத்தில் ஈரம் ஊறின பழைய பங்களாக்களில் வேலை பார்த்தவன் நான். வயிறு தள்ளின சுவரைத் தூரத்தில் இருந்தே அடையாளம் தெரியும்.

எங்கள் சாரத்துப் பலகை ஒன்று ஆஷா அம்மா வீட்டுச் சுவர்வரை நீட்டிக்கொண்டு இருக்கும். பலகை நுனிக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே என் முஷ்டி தாராளமாகப் போய் வரும். அன்று காலை மழையில் நனைந்த சாமானை மூட ஏறினபோது, ஏதோ தோன்றிக் கையை விட்டுப் பார்த்தேன். முஷ்டி போகவில்லை. நாலு விரல் அகலம்தான் இருந்தது. பலகை நகரவில்லை, முடிச்சும் பூட்டும் அப்படியே இருந்தன. மத்தியானம் மறுபடி பார்த்தேன். மூன்று விரல்.

மைதீனைக் கூப்பிட்டு அவன் விரலையும் விட்டுப் பார்க்கச் சொன்னேன். பார்த்தவன் மடமடவென்று இறங்கிவிட்டான்.

நகராட்சி ஆபீசுக்கு ஜுமாவை அனுப்பினேன். மழையில் பல இடத்தில் இதே கதை, ஆள் வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் மேனேஜர் அக்கரையில், பெருநிலத்தில் இருந்தார். கடல் கொந்தளிப்பில் படகு நின்றுவிட்டது. போனில் பிடித்துச் சொன்னேன். எதிர்வீட்டுச் சுவர் மாடியோடு சந்துக்குள் விழப்போகிறது, ரெண்டு வீட்டுக்கும் நடுவே குறுக்குக் கட்டை கொடுத்து நம்ம சுவரில் அதைத் தாங்க வைக்கிறேன், நம்ம சுவரை உறுதிப்படுத்தி முடித்தாகிவிட்டது, அது தாங்கும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்தார். ஒப்பந்தத்தில் இல்லாத வீட்டைத் தொட்டால் நாளைக்கு எது விழுந்தாலும் நம்ம தலையில்தான் விழும், தொடாதே என்றார். நான் சொன்னேன், தொடப்போகிறேன் சார், நீங்கள் வேண்டாம் என்று சொன்னதாகவும் நான் மீறியதாகவும் என் பேர் போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் நின்ற மைதீன் கேட்டான். “அண்ணாச்சி, நம்ம திரும்பிப் போற டிக்கெட் அவரு கையிலதான் இருக்கு, ஞாபகம் இருக்கா?”

“இருக்குலே. கட்டையை எடு.”

இந்த மாதிரி நேரத்தில் கை மூளைக்கு முன்னால் ஓடும். குறுக்குக் கட்டைக்குக் காலாக, கிட்டக் கிடந்த கட்டைகளில் பெரியதைத் தூக்கி வந்து, சுவர் வயிறு தள்ளின இடத்துக்கு நேர்கீழே நிறுத்தினேன். கணக்குப்படி அதுதான் சரியான இடம். பளு நேராக இறங்குகிற இடம். முதல் கட்டை நின்றதும் மாடியைப் பார்த்துக் கத்தினேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்குங்க அம்மா, வீட்டுக்குள்ள இருக்கிறது ஆபத்து.

ஜன்னலுக்கு வந்தார். முதலில் நம்பவே இல்லை. ஜுமாவிடம் கற்ற பழமொழி ஒன்றை எடுத்துவிட்டேன். விரிசலை அடைக்காதவன் சுவரையே கட்ட வேண்டி வரும் என்று அந்த ஊரில் சொல்வார்கள். அதைப் போய் வாடகை வாங்குதவர்கிட்ட சொல்லும், மூணு வருஷமா நான் அவர்கிட்ட இதைத்தான் சொல்லுதேன் என்றார். அடுத்த சந்தில் ஒரு வீட்டில் இப்படித்தான் சுவர் சரியில்லை என்று குடியிருந்தவர்களை இறக்கினார்களாம், பிறகு அது வெளிநாட்டுக்காரர் தங்குகிற ஓட்டலாகிவிட்டதாம். நிஜமோ வதந்தியோ எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்கு அது நிஜம். அதன் பிறகுதான் நான் முதலில் எழுதின அந்தக் கேள்வியைக் கேட்டார். இறங்கினால் திரும்ப ஏற விடுவார்கள் என்று யார் சொல்வது?

கேட்டுவிட்டு, அவர் பார்வை கீழே போனது. நானும் அங்கே பார்த்தேன். அப்போதுதான் என் ரெண்டாவது தப்பு என் கண்ணுக்குத் தெரிந்தது. நான் கட்டையை ஊன்றியிருந்தது அந்த வீட்டு வாசலுக்கு நட்டநடுவில். கட்டைக்கு ரெண்டு பக்கமும் ஒரு சாண் வழிதான், அதற்கு மேல் இல்லை. ஆள் ஒருக்களித்து வெளியே வரலாம். தையல் மிஷினோடு, பிள்ளைகளோடு திரும்ப உள்ளே போக முடியாது. இறங்கு என்று வாயால் சொல்லிக்கொண்டு, திரும்பி வராதே என்று கட்டையால் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது, தம்பிகளா. நம்ம ஊரில் சாவு வீட்டுப் பந்தலுக்குக்கூட வாசலை விட்டுத்தானே கால் நடுவோம்? தென்காசிக் கோபுரத்துக்கு அத்தனை கம்பு ஏற்றினோமே, ஒரு நாள் ஒரு பொழுது நடை அடைத்தோமா? கும்பிட வருகிறவர் குனியாமல் போக வழி விட்டுத்தான் முதல் கம்பை நிறுத்துவோம். அதைச் செய்த கைதான் இந்த வாசலில் கட்டையை நட்டிருந்தது.

நின்ற கட்டையைக் கழற்றச் சொன்னேன்.

மைதீனுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபப்பட அவனுக்கு உரிமை இருந்தது. நிறுத்தின முட்டை எடுப்பது நம்ம தொழிலில் கேட்காத காரியம். வாசலுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு முழம் தள்ளிக் கால் நிறுத்தி, கதவுக்கு மேலே பெரிய உத்திரம் ஒன்றைக் குறுக்கே கொடுத்து, அதில் இருந்துதான் சுவரைத் தாங்க வேண்டும். வேலை ரெட்டிப்பு. அந்த உத்திரம் சந்து முனைக் கொட்டகையில் கிடக்கிறது. காய்ந்தபோதே எட்டு ஆள் கனம், இப்போது நனைந்து வேறு இருக்கிறது. நாங்கள் ஐந்து பேர்.

“சுவரு மூணு விரல்ல நிக்குது. இப்போ போயி வாசலுக்கு அழகு பாக்கீரே அண்ணாச்சி” என்றான்.

நான் அவனுக்குச் சொன்னது இதுதான். கட்டை வாசலில் நின்றால் அந்த அம்மா இறங்க மாட்டார். மூன்று உசிரை உள்ளே வைத்துக்கொண்டு சுவரை மட்டும் தாங்கி நமக்கு என்னலே பெருமை? சீக்கிரம் முடிகிற வழி எது என்று பார்க்காதே, ஆளை வெளியே கொண்டுவருகிற வழி எது என்று பார். அவன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனால் அடித்த கையோடு போய்க் கட்டையின் ஆப்பைத் தட்டினான். அவனைப் போல ஒரு கூட்டாளி அமைவது கொடுப்பினை.

மேலே பார்த்து அந்த அம்மாவுக்கும் பதில் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம். நான் இருக்கேன், கம்பெனி பார்த்துக்கிடும், ஏற விடுவாங்க என்று ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நேரமாகும்? வாயில் வந்தும் விட்டது. விழுங்கிவிட்டேன்.

“திரும்ப ஏற விடுவாங்களான்னு எனக்குத் தெரியாது தாயி. வீட்டுக்காரர் மனசு எனக்குத் தெரியாது. நான் சாரக்காரன். என் கட்டை உங்க வாசல்ல நிக்காது. என் கையில இருக்கது அது ஒண்ணுதான்.”

நாங்கள் கட்டையைக் கழற்றுவதைப் பார்த்தபடி அவர் ஜன்னலில் அப்படியே நின்றார்.

முடிவு என்ன ஆயிற்று என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன், உங்களைத் தவிக்க விடுவதில் எனக்கு ஆசை இல்லை. சுவர் நின்றது. ரெண்டு நாள் கழித்துப் படகில் வந்த மேனேஜர் சந்தின் நடுவே நின்று வெகுநேரம் பார்த்தார். இஞ்சினியரைக் கூப்பிட்டார். அவர் இன்னும் ரெண்டு குறுக்குக் கட்டை சேர்க்கச் சொல்லிவிட்டு, இதைத் தொடாதீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் என்னை ஏசினது ஒரு பக்கம் இருக்க, டிக்கெட்டை ஒப்பந்தப்படி உரிய நாளில்தான் கொடுத்தார். மழை ஓய்ந்து சுவரைப் பிரித்துக் கட்டினார்கள். கட்டி முடிகிறவரை வேறிடத்தில் தங்கின அந்த அம்மா, வாரம் ஒருமுறை வந்து தன் கதவைத் தானே திறந்து, உள்ளே கூட்டிப் பெருக்கிவிட்டுப் போனார். அடைபடாத வாசலை யாரும் அடைக்கத் துணியவில்லை. இன்றைக்கும் அந்த மாடியில்தான் சீருடை தைக்கிறார். போன பெருநாளைக்கு ஜுமா படம் அனுப்பியிருந்தார். என் முழங்கால் ரெண்டும் இப்போது ஏணிக்கு ஆகாது. ஆனாலும் எங்கே எது கட்டினீர் என்று யாராவது கேட்டால், கோபுரத்துக்கு முன்னால் அந்தச் சந்தைத்தான் சொல்கிறேன்.

சுவர் நின்றது மட்டும் அதற்குக் காரணம் இல்லை. அன்று அந்த உத்திரத்தைத் தூக்கப் போனோம். கொட்டகையில் இருந்து ஐந்து பேரும் சேர்ந்து அதை இழுத்துச் சந்து முனைவரை கொண்டுவந்தோம். அங்கே வளைவு. அதற்கு மேல் தூக்கித்தான் திருப்ப வேண்டும். தூக்கினோம், வழுக்கியது. மறுபடி தூக்கினோம், மாரியப்பன் விழுந்தான். சந்து ஆட்கள் முப்பது பேர் இருப்பார்கள், முனை வீடுகளின் மாடிக்கு அடியில் மழை படாத இடமாக ஒதுங்கிக் கைகட்டி நின்றார்கள். அவர்களுக்கு நாங்கள் இன்னும் பொம்மை கட்டினவர்கள். கூப்பிடவும் எனக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது?

அப்போது கதவு திறந்தது. முழுசாகத் திறந்தது. ஆஷா அம்மா முதலில் ரெண்டு பிள்ளைகளையும் ஜுமா கையில் பிடித்துக் கொடுத்தார். பிறகு பிளாஸ்டிக் பையில் சுற்றின தையல் மிஷினின் தலையை எடுத்து வந்து, எழுந்து வாசலுக்கு ஓடி வந்த மாரியப்பன் கையில் வைத்தார். பொம்மை செய்த அதே கை. கதவைச் சாத்தினார், பூட்டினார், சாவியை இடுப்பில் செருகினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தண்ணீரில் நடந்து உத்திரம் கிடந்த இடத்துக்கு வந்தார். மைதீனை முழங்கையால் கொஞ்சம் ஒதுக்கிவிட்டுக் குனிந்து அதன் முனையைப் பிடித்தார். பிடித்தபடியே தலையை நிமிர்த்தி, கைகட்டி நின்றவர்களை ஒவ்வொருத்தராகப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.